பிரைமர் படுத்தும் பாடு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்து தோட்டா வெடிக்காமல் இருந்தால், பழி நேராகப் பிரைமர் மேல்தான், அதாவது தோட்டாவின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி மேல்தான் விழும். மறுவாரமே ஆள் வேறு கம்பெனி டப்பாவோடு வந்து நிற்பார். கோளாறும் அவரோடு கூடவே வந்து நிற்கும். மிச்சிகனில் என் கராஜில் பல வருடங்களாக வெற்றுக் கேஸ்களை, அதாவது சுட்ட தோட்டாக்களின் உலோகக் கூடுகளை, மறுபடி நிரப்பி வருகிறேன். நான் பார்த்தவரை பிரைமர் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தது மிக அபூர்வம். கேஸின் அடியிலுள்ள குழியில் சரியாக உட்காராத பிரைமர், இல்லையென்றால் அந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தாத பிரைமர், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். அதனால் கம்பெனி வரிசையில் சொல்லாமல் அறிகுறி வரிசையில் சொல்கிறேன். உங்களுக்கு வந்த கோளாறு எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்க வேண்டுமென்றால் தேவை. மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகள் உண்டு. இந்தியாவில் உரிமமில்லாமல் தோட்டா செய்வது 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் விஷயம் தெரிந்துகொள்ள மட்டும் படியுங்கள்.

கையை எடுப்பதற்கு முன்

‘டிக்’ என்றதும் துப்பாக்கியைத் திறக்காதீர்கள். குழாய் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும். குறைந்தது 30 விநாடி பொறுங்கள். நான் ஒரு நிமிடம் எண்ணுவேன். பிரைமர் தீப்பிடித்தும் பவுடர் சரியாகப் பிடிக்காமல் உள்ளே புகைந்துகொண்டிருக்கும் வாய்ப்பு உண்டு.

‘டப்’ என்று வலுவில்லாத சத்தம் வந்தாலோ, உதை வழக்கத்தைவிட மெலிதாகத் தெரிந்தாலோ அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. பவுடர் இல்லாத கேஸில் பிரைமர் மட்டுமே குண்டைக் குழாய்க்குள் தள்ளிவிடும். அது நடுவழியில் சிக்கி நிற்கும்போது பின்னால் இன்னொன்று வந்தால் குழாய் கிழியும். இறக்கி, காலி செய்து, குழாயின் மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பிரைமருக்குள் என்ன இருக்கிறது

தீபாவளிக்குப் பொட்டு வெடியைக் கல்மேல் வைத்து இன்னொரு கல்லால் தட்டியவர்களுக்குப் பிரைமர் உடனே புரிந்துவிடும். சின்ன உலோகக் கிண்ணம், அதற்குள் மருந்து, மருந்துக்கு மேல் மூன்று கால் உள்ள குட்டி அடைகல். துப்பாக்கியின் ஃபயரிங் பின், அதாவது அடிக்கும் ஊசி, கிண்ணத்தின் முதுகில் அடிக்கும்போது மருந்து கிண்ணத்துக்கும் அடைகல்லுக்கும் நடுவில் நசுங்கிப் பற்றுகிறது. தீ கேஸின் அடித்துளை வழியே பவுடருக்குப் போகிறது. அடைகல்லின் கால்கள் குழியின் தரையில் உறுதியாக ஊன்றியிருந்தால்தான் இந்த நசுங்கல் நடக்கும். மெத்தைமேல் வைத்துப் பொட்டு வெடியைத் தட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கீழே வரப்போகும் பாதிக் கோளாறுகள் அதுதான்.

நான்கு வகை: சின்ன பிஸ்டல், பெரிய பிஸ்டல், சின்ன ரைஃபிள், பெரிய ரைஃபிள். சின்னதின் விட்டம் 0.175 அங்குலம், பெரியதின் விட்டம் 0.210 அங்குலம். சின்ன பிஸ்டலும் சின்ன ரைஃபிளும் வெளி அளவில் ஒன்றே, ரைஃபிள் கிண்ணம் தடிமன். பெரியதில் கதை வேறு: ரைஃபிள் பிரைமர் பிஸ்டல் பிரைமரைவிட சுமார் 0.008 அங்குலம் உயரம். ஆகவே பெரிய ரைஃபிள் பிரைமரை .45 ஏ.சி.பி. என்ற பிஸ்டல் கேஸில் வைத்தால் வெளியே துருத்தும். பெரிய பிஸ்டல் பிரைமரை .308 ரைஃபிள் கேஸில் வைத்தால் உள்ளே அமுங்கிப் போகும். இரண்டுமே ஆபத்து.

கேஸின் பெயரை வைத்து வகையை ஊகிக்கவும் கூடாது. .454 கசூல் ரிவால்வர் தோட்டாதான், ஆனால் அது 65,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் அழுத்தம்) வரை போவதால் சின்ன ரைஃபிள் பிரைமர்தான் போடுகிறார்கள். .500 ஸ்மித் அண்ட் வெஸன் முதலில் பெரிய பிஸ்டல் பிரைமரோடு வந்தது, பிறகு பெரிய ரைஃபிளுக்கு மாறியது. மாறிய கேஸ்களின் அடியில் ‘ஆர்’ எழுத்து இருக்கும். பவுடர் அளவுகளைச் சொல்லும் லோடிங் புத்தகத்தில் அந்தத் தோட்டாவுக்கு எந்தப் பிரைமர் போட்டுச் சோதித்தார்கள் என்று எழுதியிருப்பதுதான் கடைசிப் பேச்சு.

அறிகுறி: முதல் அடியில் வெடிக்கவில்லை, இரண்டாவது அடியில் வெடிக்கிறது

பிரைமர் முழுசாக இறங்கவில்லை. முதல் அடியின் பலமெல்லாம் பிரைமரைக் குழிக்குள் தள்ளுவதில் போய்விட்டது; இரண்டாவது அடிதான் மருந்தை நசுக்கியது. புதிதாக ஆரம்பித்தவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

பழக ஆரம்பித்த காலத்தில் 9 மி.மீ. தோட்டா நூறு நிரப்பிக்கொண்டு ரேஞ்சுக்குப் போனேன். ஏழு ‘டிக்’. ஏழும் இரண்டாவது தடவை வெடித்தன. பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவர் என் டப்பாவிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து, ஆள்காட்டி விரலை அதன் அடியில் ஒரு தடவை ஓட்டினார். “தடுக்குது பாருங்க” என்று என் கையில் கொடுத்தார். தடுக்கத்தான் செய்தது. மயிரிழை உயரம், ஆனால் நகத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு தோட்டாவையும் அப்படி விரல் ஓட்டிப் பார்க்காமல் டப்பாவில் வைப்பதில்லை.

சரியாக உட்கார்ந்த பிரைமர் கேஸின் அடிமட்டத்துக்குக் கீழே 0.003 முதல் 0.005 அங்குலம் வரை இருக்கும். மட்டமாக இருந்தால்கூட எனக்குத் திருப்தி இல்லை. தோட்டாவை மேசையில் தலைகீழாக இல்லாமல் நேராக நிறுத்தி வையுங்கள். ஆடினால் பிரைமர் துருத்துகிறது.

காரணங்கள்: குழியில் கரி படிந்திருப்பது, தோட்டா நிரப்பும் கருவியான பிரஸ்ஸின் கைப்பிடியை முழுசாகத் தள்ளாதது, பிரைமர் தள்ளும் கம்பி தேய்ந்தோ தளர்ந்தோ இருப்பது. குழியைச் சின்ன பிரஷ்ஷால் சுத்தம் செய்து, கை பிரைமிங் கருவியில் பத்து கேஸுக்கு ஏற்றிப் பாருங்கள். கால்கள் தரையில் ஊன்றும் அந்த இடம் விரலுக்கே தெரியும். தெரிந்த பிறகு பிரஸ்ஸுக்குத் திரும்பினால் கை தானாகவே அந்த அழுத்தத்தைத் தேடும்.

ஏற்கெனவே பவுடரும் குண்டும் வைத்த தோட்டாவில் துருத்தும் பிரைமரை மறுபடி அமுக்க முயலாதீர்கள். பிரித்துத்தான் ஆக வேண்டும்.

அறிகுறி: எத்தனை அடித்தாலும் வெடிக்கவில்லை, பிரைமரில் பள்ளம் மேலோட்டமாக இருக்கிறது

கடையில் வாங்கிய தோட்டாவைச் சுட்ட கேஸையும் வெடிக்காத உங்கள் தோட்டாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளம் தெளிவாகவே குறைவென்றால் கோளாறு துப்பாக்கியில்.

ரிவால்வர்க்காரர்களுக்கு இது அடிக்கடி வரும். சுத்தியை இழுத்து அடிக்கவும் வைக்கும் டபுள் ஆக்‌ஷன் ட்ரிகரை லேசாக்க ஸ்பிரிங்கை மாற்றியிருப்பார்கள். சுத்தியின் அடி குறைந்திருக்கும். ஸ்மித் அண்ட் வெஸனின் பல மாடல்களில் கைப்பிடியின் முன்பக்கம் அடியில் ஒரு ஸ்குரூ உண்டு. மெயின் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிப்பது அதுதான். அது அரைச் சுற்று தளர்ந்தாலே ‘டிக்’ ஆரம்பித்துவிடும். முதலில் அதை இறுக்குங்கள்.

ஸ்பிரிங்கை மாற்றித்தான் வைத்திருப்பேன் என்றால் பிரைமரை அதற்கு ஏற்றாற்போல் எடுக்க வேண்டும். ஃபெடரல் பிரைமர்கள் லேசான அடிக்கே பற்றும் என்பதால் போட்டி ரிவால்வர்க்காரர்கள் அதையே தேடுவார்கள்: சின்ன பிஸ்டலுக்கு 100, பெரிய பிஸ்டலுக்கு 150. சி.சி.ஐ. கம்பெனியின் பிரைமர் கொஞ்சம் கடினம். எளிதில் பற்றுவதற்கு ஒரு விலை உண்டு. சில பிரைமிங் கருவிகளில் ஃபெடரல் போடக் கூடாது என்று கருவியின் கையேடே சொல்லும். படித்துவிட்டுப் போடுங்கள்.

2020-க்குப் பிறகு பிரைமர் தட்டுப்பாடு வந்தபோது, கிடைத்ததைப் போடுவோம் என்று பலரும் 9 மி.மீ.யில் சின்ன ரைஃபிள் பிரைமர் போட்டார்கள். அடி பலமாக உள்ள பிஸ்டலில் அது வெடிக்கும். மெல்லிய அடியுள்ளதில் தடிமனான கிண்ணம் அசைந்து கொடுக்காது. அப்படிப் போடுபவர்கள் பவுடர் அளவையும் கீழிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அறிகுறி: பள்ளம் ஆழமாகவே இருக்கிறது, ஆனாலும் வெடிக்கவில்லை

தோட்டாவைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். நான் கண்டவை மூன்று. கேஸைக் கழுவிவிட்டு அடித்துளை காய்வதற்குள் பிரைமர் வைத்தது. கேஸைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் டம்ளர் இயந்திரத்தில் போட்ட வால்நட் தூள் அடித்துளையில் அடைத்துக்கொண்டது. அடைகல் இல்லாத பிரைமர்; இது கோடியில் ஒன்று, ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். கேஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அடித்துளையைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் முதல் இரண்டும் வராது.

அறிகுறி: ‘டிக்’... பிறகு ‘டமார்’

இதுதான் பயமுறுத்துவது. மிச்சிகனில் நவம்பர் 15-ஆம் தேதி துப்பாக்கி மான் வேட்டை தொடங்கும். அதற்கு முன் உறைபனி விழுந்த ஒரு காலையில் .357 மேக்னம் கார்பைனை, அதாவது லீவர் வைத்த குட்டை ரைஃபிளை, சோதிக்கப் போனேன். பவுடர் எச்110. தீ பலமாக வரும் மேக்னம் பிரைமர் கிடைக்கவில்லை என்று சாதாரண சி.சி.ஐ. 500 போட்டிருந்தேன். செப்டம்பரில் ஒழுங்காகச் சுட்ட அதே கலவை, அன்றைக்கு மூன்றாவது குண்டில் சுத்தி விழுந்ததும் சத்தமில்லை. நான் கண்ணிமைத்த பிறகு வெடித்தது. அரை விநாடிகூட இருந்திருக்காது. ஆனால் அந்த இடைவெளியில் என் கை லீவரை நோக்கி நகர ஆரம்பித்துவிட்டது. கை இன்னும் கொஞ்சம் வேகமாக இருந்திருந்தால் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை திறந்திருக்கும்போதே அது வெடித்திருக்கும். மீதித் தோட்டாக்களை அன்று இரவே பிரித்தேன்.

எச்110, வின்செஸ்டர் 296 இரண்டும் ஒரே பவுடர். உருண்டை வகை, எளிதில் தீப்பிடிக்காது. குளிரில் இன்னும் மோசம். இதற்கு மேக்னம் பிரைமர் வேண்டும்: சி.சி.ஐ. 550, பெரிய பிஸ்டலில் சி.சி.ஐ. 350. வின்செஸ்டரின் பெரிய பிஸ்டல் பிரைமரை சாதாரணம், மேக்னம் இரண்டுக்கும் என்றே விற்கிறார்கள். பிரைமர் மட்டும் போதாது; இந்தப் பவுடரைப் புத்தக அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று பவுடர் கம்பெனியான ஹாட்ஜ்டன் எச்சரிக்கிறது. கேஸில் காலி இடம் கூடினால் தீ சீராகப் பரவாது. குண்டைக் கேஸ் வாய் இறுக்கிப் பிடிக்காவிட்டாலும் இதே அறிகுறி வரும்.

பெரிய ரைஃபிள் கேஸ்களிலும் காரணம் அதேதான். பவுடர் நிறைய இருக்கும்போது சாதாரணத் தீ எட்டாது. ஃபெடரல் 215, சி.சி.ஐ. 250 போன்றவை அதற்காகத்தான்.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் மேக்னம் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். எளிதில் பற்றும் பவுடரில் மேக்னம் பிரைமர் அழுத்தத்தை ஏற்றிவிடும், பலனும் இல்லை.

அறிகுறி: பிரைமரில் ஓட்டை, ஃபயரிங் பின் முனை அரித்திருக்கிறது

ஏ.ஆர்.-15 ரைஃபிள் வைத்திருப்பவர்கள் கொண்டுவருவது. சுட்ட பிரைமரின் நடுவில் குண்டூசித் துளை, சுற்றிலும் கருப்பு. அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் ஃபயரிங் பின் முனையில் பள்ளம் பள்ளமாக இருக்கும். துளை வழியே பின்னோக்கிப் பாய்ந்த வாயு உலோகத்தை அரித்திருக்கிறது. முனை கரடுமுரடானால் அடுத்த பிரைமரையும் துளைக்கும். பின்னை மாற்றாமல் பிரைமரை மட்டும் மாற்றினால் ‘இந்தப் பிரைமரும் சரியில்லை’ என்றுதான் முடியும்.

.223 ரெமிங்டனின் உச்ச அழுத்தம் 55,000 பி.எஸ்.ஐ. சி.சி.ஐ. 400 கிண்ணத்தின் தடிமன் 0.020 அங்குலம், 450-க்கு 0.025 அங்குலம். முழு அளவு நிரப்பினால் ஏ.ஆர்.-இல் சி.சி.ஐ. 450 அல்லது 41 போடுவது என் வழக்கம். ரெமிங்டனில் வாங்கினால் 7½ எடுங்கள். 6½ என்பது .22 ஹார்னெட் போன்ற குறைந்த அழுத்தத் தோட்டாக்களுக்கானது. இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும், அவசரத்தில் மாறிவிடும். சின்ன பிஸ்டல் பிரைமரை .223-இல் போடுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

தடிமனான கிண்ணத்திலும் துளை விழுந்தால் பவுடர் அளவு அதிகம். உடனே குறையுங்கள்.

அறிகுறி: பிரைமர் தட்டையாகிறது, எரிமலை வாய்போல் விளிம்பு எழும்புகிறது, அல்லது வெளியே தள்ளி நிற்கிறது

இங்கே அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. தட்டையான பிரைமர் அதிக அழுத்தத்தைக் காட்டலாம். போல்ட் இறுகித் திறந்தாலோ, கேஸ் அடியில் பளபளப்பான அடையாளம் இருந்தாலோ சந்தேகமே இல்லை, நிறுத்துங்கள். ஆனால் கேஸ் குறுகும் இடமான தோளை, கேஸை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் சைஸிங் டையில் அளவுக்கு மீறிப் பின்தள்ளியிருந்தாலும் இதே தோற்றம் வரும். வெடித்ததும் முதலில் பிரைமர் குழியிலிருந்து பின்னே வரும். பிறகு கேஸ் போல்ட் மேல் மோதும்போது வெளியே வந்த விளிம்பை நசுக்கி மறுபடி உள்ளே அனுப்பும். மிதமான தோட்டாவில் கேஸ் பின்னே வருமளவு அழுத்தம் இருக்காது. அப்போது பிரைமர் வெளியே நின்றபடியே இருக்கும். போல்ட் ரைஃபிளில் தோளை 0.002 அங்குலம் மட்டும் பின்தள்ளும்படி டையைத் திருத்துங்கள்.

விளிம்பு எழும்புவதற்குப் போல்ட்டில் ஃபயரிங் பின் துளை அகலமாக இருப்பதும் காரணம். கடைத் தோட்டாவிலும் அதே விளிம்பு வந்தால் துப்பாக்கியின் குணம் அது.

பிரைமரைச் சுற்றி வட்டமாகக் கரி கசிந்திருந்தால் குழி தளர்ந்துவிட்டது. பிரைமர் கட்டைவிரலாலேயே இறங்கும் கேஸைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அறிகுறி: பிரைமர் குழிக்குள் இறங்க மறுக்கிறது

கைப்பிடி நின்ற இடத்திலேயே நில்லுங்கள். பலம் கொடுக்காதீர்கள். நசுங்கும் பிரைமர் வெடிக்கலாம். டியூபில் அடுக்கி வைத்த நூறு பிரைமர் பக்கத்தில் இருந்தால் அதுவும் சேரலாம்.

பாதுகாப்புக் கண்ணாடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கேஸை எடுங்கள். ராணுவக் கேஸ் என்றால், அடியில் வட்டத்துக்குள் சிலுவை போட்ட நேட்டோ முத்திரை இருக்கும். பிரைமர் கழன்றுவிடாமல் இருக்கக் குழி விளிம்பை மடித்து அழுத்தியிருப்பார்கள். அந்த மடிப்பை ஸ்வேஜ் கருவியாலோ ரீமராலோ எடுத்த பிறகுதான் புதுப் பிரைமர் இறங்கும். .45 ஏ.சி.பி.யில் இன்னொரு பொறி: பெரும்பாலான கேஸ்கள் பெரிய பிரைமருக்கானவை, ஆனால் சின்னக் குழியோடு வந்தவையும் ரேஞ்சில் கலந்து கிடக்கும். 6.5 க்ரீட்மூரிலும் அப்படியே. ஹார்னடி கேஸில் பெரிய ரைஃபிள், லபுவா கேஸில் சின்ன ரைஃபிள். கையில் அள்ளும்போதே பிரித்துவிடுங்கள்.

பழைய பிரைமரை வெளியே தள்ளும்போது ஊசி உடைந்தால் அது பெர்டன் கேஸ். அதில் அடைகல் கேஸிலேயே இருக்கும், துளையும் நடுவில் ஒன்றாக இல்லாமல் இரண்டாக இருக்கும்.  அமெரிக்காவில் பெரும்பாலும் நிரப்புவது, அடைகல் பிரைமருக்குள்ளேயே இருக்கும் பாக்ஸர் வகையை.

அறிகுறி: ட்ரிகரைத் தொடாமலே வெடித்தது

ஏ.ஆர்.-15, எம்1 கேரண்ட், எஸ்.கே.எஸ். போன்றவற்றில் ஃபயரிங் பின் தளர்வாக மிதக்கும். போல்ட் மூடும் வேகத்தில் அது முன்னே வந்து பிரைமரை லேசாகத் தட்டும். ரேஞ்சில், குழாய் இலக்கைப் பார்த்திருக்க, ஒரு தோட்டாவை அறைக்குள் ஏற்றிச் சுடாமல் வெளியே எடுத்துப் பாருங்கள். பிரைமரின் நடுவில் சின்னப் புள்ளி இருக்கும். அது இயல்பு. ஆனால் அங்கே பிரைமர் துருத்திக்கொண்டிருந்தாலோ, எளிதில் பற்றும் மெல்லிய கிண்ணமாக இருந்தாலோ அந்தப் புள்ளியே போதும். .223-க்கு சி.சி.ஐ. 41, .308-க்கு சி.சி.ஐ. 34 இதற்காகவே வந்தவை. பிரைமர் கீழே அமுங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது அதைவிட முக்கியம்.

அறிகுறி: குண்டின் வேகம் தோட்டாவுக்குத் தோட்டா மாறுகிறது

முதலில் பவுடர் அளவையும் கேஸ் வாயின் பிடியையும் சரிபாருங்கள். அதற்கப்புறம்தான் பிரைமர். பிரைமரை மட்டும் மாற்றி, மற்றதெல்லாம் அப்படியே வைத்து, பத்துப் பத்தாகச் சுட்டு, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் எண்களை ஒப்பிடுங்கள். ஃபெடரல் 210எம், சி.சி.ஐ. பி.ஆர்.-2 போன்ற மேட்ச் பிரைமர்கள் தூர இலக்கில் உதவலாம். 50 கஜத்தில் பிஸ்டலுக்கு அந்தக் காசு வீண். எந்தப் பிரைமருக்கு மாறினாலும் பவுடரை 10 சதவீதம் குறைத்து மறுபடி ஏறி வாருங்கள். குறைக்கக் கூடாத எச்110 போன்றவற்றுக்குப் புத்தகத்தின் தொடக்க அளவுதான்.

பெட்டியில் பெயர் இல்லாத பிரைமர்

யாரோ கொடுத்தது, டப்பா இல்லை, கண்ணாடி ஜாரில் கிடக்கிறது என்றால் வாங்காதீர்கள். ஒன்றோடொன்று உரசும்படி மொத்தமாகக் கிடக்கும் பிரைமர் எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கும் சரக்கு. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள். நல்ல பிரைமரும் வாங்கிய தட்டிலேயே இருக்க வேண்டும். வீட்டில் 10,000-க்கு மேல் வைக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தீப் பாதுகாப்பு நெறி.

நிரப்பி முடித்த ஒவ்வொரு டப்பா மேலும் நான் ஒட்டும் சீட்டில் இருப்பது: தோட்டா, குண்டின் எடை, பவுடரும் அளவும், பிரைமரின் பெயரும் லாட் எண்ணும், கேஸ் எத்தனையாவது தடவை, தேதி. ‘டிக்’ வந்த தோட்டாவை அந்தச் சீட்டோடு சேர்த்துத் தனியாக எடுத்து வைக்கிறேன்.